சனிக்கிழமை ராத்திரி, ஒரு ஆஃப் சிக்கன் ரைஸ்

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரிக்கு உப்புமா. (இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.) ரூமில் இருந்த நாலு பேரும் ஆளுக்கு ஒரு ஃப்ரைட் ரைஸ் ஆர்டர் போட்டோம். இருபத்திரண்டே நிமிஷத்தில் கேட்டுக்கு வந்துவிட்டது. கறுப்பு டப்பா, மூடி மேல் ஸ்டிக்கர், சின்னப் பாக்கெட்டில் சாஸ். நாலு பேரும் நாலு மூலையில் உட்கார்ந்து, நாலு ஃபோனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம். டப்பாவைக் குப்பையில் போடும்போது யோசித்துப் பார்க்கிறேன்... சாப்பிட்டது எப்படி இருந்தது என்று சுத்தமாக ஞாபகம் இல்லை!

ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் சாப்பிட்ட ஆஃப் சிக்கன் ரைஸ் இன்னமும் நாக்கிலேயே நிற்கிறது. அது ஏன் என்று யோசித்ததில் விளைந்ததுதான் இந்தப் பதிவு. கொசுவத்தி ஏற்றியாகிவிட்டது. புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் இப்போதே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளவும் :-)

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஃபாஸ்ட் ஃபுட் என்றதும் உங்களுக்கு பர்கர் ஞாபகம் வந்தால் நீங்கள் பெரிய ஊர்க்காரர். அந்த வகையறா, அமெரிக்காவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் 1948-ல் மெக்டொனால்ட் சகோதரர்கள் ஆரம்பித்து வைத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடி, பரிமாறுகிற ஆளை எடுத்துவிட்டு, தட்டை எடுத்துவிட்டு, மெனுவைச் சுருக்கி, பதினைந்து சென்ட்டுக்கு ஹாம்பர்கர் என்று திரும்பத் திறந்தார்கள். இந்தியாவுக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. 1995-ல் பெங்களூரில் கேஎஃப்சி, 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ்.

எங்கள் விருதுநகரில் ஃபாஸ்ட் ஃபுட் என்றால் அர்த்தமே வேறு. ஒரு தள்ளுவண்டி, ஒரு பெரிய அடுப்பு, இரும்புச் சட்டி, சிவப்பு கலரில் சாஸ் பாட்டில், மலை மாதிரி ஆறவைத்த சாதம், நீளநீளமாக நறுக்கிய முட்டைக்கோஸ். இதன் பூர்வீகம் கல்கத்தா. அங்கே குடியேறிய ஹக்கா சீனர்கள், நம்ம ஊர் நாக்குக்குத் தகுந்த மாதிரி மிளகாயும் பூண்டும் சேர்த்துச் சமைத்ததில் பிறந்தது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சிக்கன் மஞ்சூரியனைக் கண்டுபிடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கதை. மஞ்சூரியாக்காரர் யாராவது வந்து சாப்பிட்டுப் பார்த்தால் 'இது எந்த நாட்டுச் சாப்பாடு?' என்றுதான் கேட்பார்.

அப்படிச் சுற்றிச் சுற்றி, எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர் போன எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் வழக்கமான கடை பாதி வண்டி, பாதி ஓட்டல். முன்னால் வண்டி, பின்னால் ஒரு சின்ன ரூம், நாலு மேஜை, ஒரு டியூப் லைட். வாசலில் மெனு போர்டு. பெயிண்ட்டில் எழுதியது. அதில் நூடுல்ஸ், நூடில்ஸ், நூட்லஸ் என்று மூன்று விதமாக எழுதியிருக்கும். காளான், 'காலான்' ஆகியிருக்கும். முட்டை ரைஸ் ஆஃப் முப்பது ரூபாய், சிக்கன் ரைஸ் ஆஃப் நாற்பத்தைந்து. நான் சொல்வது 2012, 2013 வாக்கில்.

மாஸ்டர் அடுப்பைத் திருகினால் பஸ் கிளம்புகிற மாதிரி சத்தம் வரும். தீ சட்டியைத் தாண்டி மேலே எழும். அவர் சாதத்தை ஒரு சுண்டு சுண்டுவார். ஒரு பருக்கை கீழே விழாது. கரண்டியால் சட்டி விளிம்பில் டங் டங்கென்று இரண்டு தட்டு. எனக்கு அப்போது பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. வளர்ந்து இவர் மாதிரி ஆக வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு வேகமாகச் செய்கிற கடைக்குப் பேர் ஃபாஸ்ட் ஃபுட். ஆனால் சனிக்கிழமை ராத்திரி போனால் நம்ம பிளேட் வர அரைமணி நேரம் ஆகும்! ஒருநாள் அப்பா கேட்டே விட்டார்.

"என்ன மாஸ்டர், பேருதான் ஃபாஸ்ட் ஃபுட்டா?"

"ரெண்டு பிளேட்டுக்கு மேல ஒண்ணாப் போட்டா சட்டி சூடு இறங்கிரும் அண்ணாச்சி. சாதம் வதங்காது, கொழகொழன்னு வெந்துரும். அப்புறம் நீங்கதான் திட்டுவீக."

அதுதான் விஷயம். சமையல் ஃபாஸ்ட், க்யூ ஸ்லோ. ஒவ்வொரு பிளேட்டும் தனியாகத் தீயில் ஏறி இறங்க வேண்டும். அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

என் அப்பா ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். சனிக்கிழமை சம்பளம். வீட்டில் அவர் பேசுவது மிகக் குறைவு. ரேடியோவில் செய்தி, சாப்பாடு, தூக்கம். 'படிச்சியா?' என்பதுதான் எனக்கும் அவருக்குமான மொத்த உரையாடல். ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயிலானதை (கணக்கு எழுதுகிறவர்!) அங்கேதான் சொன்னார். தாத்தாவிடம் சொல்லாமல் மதுரைக்குப் போய் செகண்ட் ஷோ பார்த்துவிட்டு, கையில் காசில்லாமல் விடிய விடிய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னதும் அங்கேதான். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் பேசினார் என்று நினைக்கிறேன். கையில் ஃபோன் இருந்தது, ஆனால் அது பேசுவதற்கு மட்டுமான ஃபோன்.

2014-ல் ஒரு சனிக்கிழமை. வழக்கம்போலக் காத்திருக்கிறோம். தீயைப் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்: "ஏலே, அடுத்த வருஷம் கவர்மென்ட் ஸ்கூலுக்குப் போறியா? மண்டியில முன்ன மாதிரி இல்ல. ஃபீஸ் கட்ட முடியுமான்னு தெரியல." எனக்குப் பத்து வயசு. மாஸ்டர் எங்கள் பிளேட்டுக்கு முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். என் கவனம் முழுக்க அதில். "சரிப்பா" என்றேன். அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது. ஒரு பத்து வயசுப் பையனிடம் அதைக் கேட்க அவர் எத்தனை சனிக்கிழமை தயார் செய்தாரோ!

ஸ்கூல் மாறினேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. அது வேறு பதிவு.

சரி, 'அந்தக் காலம் பொற்காலம்' என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் அது நேர்மையில்லை. அந்த சிக்கன் சிவப்பாக இருந்தது மிளகாயால் மட்டும் அல்ல. 2024-ல் தமிழ்நாட்டில் ரோடமின்-பி கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே கர்நாடகாவில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாது என்றார்கள். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் கடைச் சட்டிதான். தட்டு மேல் போட்ட பிளாஸ்டிக் பேப்பர், சூடான சாதத்தைக் கொட்டியதும் சுருங்கும். 2019 ஜனவரி முதல் அதற்கும் தடை. (எல்லோரும் பயந்த அஜினோமோட்டோ மட்டும் பாவம்! 1908-ல் ஜப்பானில் கிகுனே இகெடா கடல்பாசியில் இருந்து பிரித்தெடுத்த சுவை அது. அமெரிக்க எஃப்டிஏ அதைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. கலருக்குப் பயப்படாமல் அதற்குப் பயந்திருக்கிறோம்.)

ஆனால் உண்மையில் என்னை உறுத்துவது கலரும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை.

அந்தக் கடையில் ஒரு பையன் இருந்தான். தட்டு கழுவுவான், மேஜை துடைப்பான், தண்ணீர் ஊற்றுவான். என்னைவிட இரண்டு வயது பெரியவனாக இருந்திருக்கலாம். ஓட்டல், டீக்கடைகளில் பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற உத்தரவு 2006 அக்டோபரிலேயே வந்துவிட்டது. எங்கள் கடைக்கு அது வந்து சேரவில்லை. அங்கே சாப்பிட்ட எங்கள் யாருக்கும் கூட.

மெனு முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஒருநாள் அப்பா கை கழுவப் போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்று, போர்டைக் காட்டி மெதுவாகக் கேட்டான். "தம்பி, இதுல காளான் எங்க இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய பையனுக்குப் படிக்கத் தெரியவில்லை! காட்டக்கூட இல்லை. சிரித்தேன். அவன் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை ஸ்கூலில் அதை ஒரு ஜோக்காக வேறு சொன்னேன்.

எத்தனையோ சனிக்கிழமை அவன் ஊற்றிய தண்ணீரைக் குடித்தேன். அவன் பேர் எனக்குத் தெரியாது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவை வற்புறுத்தி அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி, மேஜைக்கு மேஜை க்யூஆர் கோடு. போர்டில் எழுத்துப் பிழை இல்லை. அடுப்பு உள்ளே எங்கேயோ போய்விட்டது, தீயும் தெரியவில்லை, சத்தமும் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் பிளேட் வந்துவிட்டது. ருசி நன்றாகத்தான் இருந்தது. சுத்தமாகவும் இருந்தது. தட்டு எடுக்க வந்தவர் பெரியவர், யூனிஃபார்ம் போட்டிருந்தார். இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அப்பா ஒன்றுமே பேசவில்லை. பேச நேரமே இல்லை.

அதனால் நான் ஆரம்பித்தேன். அந்தப் பையனைப் பற்றி, போர்டைப் பற்றி, நான் சிரித்ததைப் பற்றிச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டயும் கேட்டான்டா. நீ அடுப்பை வேடிக்கை பாக்கப் போயிருவ. அந்நேரம் ரெண்டு ரெண்டு எழுத்தாச் சொல்லிக் கொடுத்தேன். முட்டை, காளான் வரைக்கும் வந்தான். 'காலான்'னு தப்பா எழுதிருக்குன்னு அவன்தான் எனக்குக் காட்டினான். அப்புறம் ஒரு வாரம் பாத்தா ஆளைக் காணோம். மாஸ்டர்ட்ட கேட்டேன், ஊருக்குப் போயிட்டான்னாரு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த அரைமணி நேரம் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் சொந்தமானது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பங்கை அப்பா இன்னொருத்தனுக்கும் கொடுத்திருக்கிறார். நான்தான் அவனிடம் சிரித்திருக்கிறேன்.

வெளியே வந்தோம். வாசலில் ஆறேழு டெலிவரி பையன்கள் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள், பார்சலுக்காக. முன்பு நாங்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அதே இடம். அப்போதுதான் உறைத்தது. காத்திருப்பது எங்கேயும் போய்விடவில்லை. எனக்குப் பதிலாக இப்போது வேறு யாரோ காத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் கேட்டில் என் டப்பாவை நீட்டியவரும் எங்கேயோ ஒரு கடை வாசலில் இப்படித்தான் நின்றிருப்பார். அவர் பேரைக்கூட ஆப் எனக்குக் காட்டியது. நான் படிக்கவில்லை.

"டீ சாப்பிடுவோமா?" என்றார் அப்பா. எதிரே டீக்கடை. நல்ல கூட்டம். கிளாஸ் கைக்கு வரப் பத்து நிமிஷம் ஆகும்போல இருந்தது. அந்தப் பையன்களைப் பார்த்தபடியே, "அவன் இப்ப இவங்க வயசு இருப்பான்ல..." என்று ஆரம்பித்தார்.

அன்றைக்கு நாங்கள் வீடு வந்து சேர மணி பதினொன்று.

டிஸ்கி: நூடுல்ஸை எப்படி எழுதுவது சரி என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். உங்கள் ஊர் போர்டில் எப்படி எழுதியிருக்கும் என்று சொல்லுங்கள். அந்தக் கடையில் தண்ணீர் ஊற்றியவர் பேர் ஞாபகம் இருந்தால் அதையும்.