பெயர்த் தகடும் பச்சை விளக்கும்

யோகோஹாமாவின் ஷின்-கோயாசு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது நிசான் ஆலை. 1935-இல் டாட்சன் கார்கள் கன்வேயரில் வரிசையாக இறங்கியது இங்கேதான். இப்போது முழுக் கார் செய்வதில்லை. எஞ்சின், மின்மோட்டார் மாதிரியான பாகங்கள்தான். படம் எடுக்கக் கூடாதென்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை, நிசானின் ஜிடி-ஆர் காருக்கான எஞ்சினைக் கையால் பூட்டும் 'தகுமி'களை, அதாவது கைதேர்ந்த தொழிலாளர்களை, பார்க்க வேண்டும். தூசி புகாத தனி அறை. ஓர் எஞ்சினுக்கு ஓர் ஆள், முதலிலிருந்து கடைசிவரை அவரேதான். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை கிடையாது. உருக்கிய இரும்பை பிளாஸ்மாவால் அலுமினியச் சுவரிலேயே மெல்லிய பூச்சாகத் தூவியிருந்தார்கள். எடை குறைகிறது, சூடும் சீக்கிரம் இறங்குகிறது.

கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை வைத்து வால்வு இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டை நுழைக்கிறார், இழுக்கிறார், சற்று நிற்கிறார், மறுபடி இழுக்கிறார். எவ்வளவு இறுக்கமாக வருகிறது என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். முடிந்ததும் அவர் பெயர் பொறித்த தகடு எஞ்சின்மேல் ஏறியது.

சாதாரண கார் எஞ்சின்கள் நகரும் லைனில் கூட்டமே இல்லை. எனக்கென்னவோ அங்கேதான் அதிக நேரம் போயிற்று. கிராங்க் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் ஒவ்வொன்றையும் மைக்ரான் கணக்கில் அளந்து ஒரு குறி போடுகிறார்கள். எஞ்சின் பிளாக்கிலும் அப்படியே. இரண்டு குறியையும் சேர்த்துத்தான் எந்த அளவு பேரிங் என்பது முடிவாகும். எடுக்க வேண்டிய பெட்டியின் மேல் மட்டும் பச்சை விளக்கு எரியும். கை வேறு பெட்டிக்குப் போனால் அலாரம் கத்தும். போல்ட் முறுக்கும் கருவியும் சும்மா இல்லை, எண்ணிக்கொண்டே வருகிறது. ஒரு போல்ட் விட்டுப்போனாலும் எஞ்சின் அடுத்த ஆளிடம் நகராது. நேற்றுச் சேர்ந்த பையன் தப்பு செய்ய நினைத்தாலும் அங்கே கஷ்டம்.

பெயர்த் தகடு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்த ஜப்பான் காரும் வருஷக்கணக்கில் மக்கர் பண்ணாமல் ஓடுகிறதென்றால், கும்பிடு போட வேண்டியது அந்தப் பச்சை விளக்குக்கு.

தகுமிகள் பூட்டிய எஞ்சின் ஏறிய ஜிடி-ஆர் ஆர்35 மாடலின் உற்பத்தி 2025 ஆகஸ்டில் நின்றுவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 48,000 கார்கள். தகுமிகளின் எஞ்சின் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், ஆலையை ஒட்டி 1934-இல் கட்டிய பழைய தலைமையகத்துக்குப் போகலாம். அது இப்போது எஞ்சின் அருங்காட்சியகம்.