மூன்றாவது கொன்ட்ரோலர்

எங்கள் வீட்டில் பல வருடங்களாக ஒரு சட்டம் இருந்தது. கார் ஓட்டும் விளையாட்டில் இரண்டு பேர்தான் சேரலாம். மூன்றாம் ஆள் பார்த்துக்கொண்டிருக்கலாம். சட்டத்தைப் போட்டவர் நாநா. ஏனென்று கேட்டால், "ஒனக்கு விளங்காது. மூணாவது ஆள் வந்தா எல்லாருக்கும் படம் விட்டு விட்டுத்தான் போகும்" என்பார். விளையாட்டின் பெயர் மரியோ கார்ட் 8. கொன்சோல், டோஹாவில் வேலை பார்த்த மாமா ஒரு லீவுக்கு வரும்போது கொண்டு வந்த பழைய வீ யூ. மூன்றாம் ஆள் எப்போதும் தங்கச்சி.

மாத்தளையில் மழை பிடித்துவிட்டால் இலேசில் விடாது. பின்னேரம் வெளியே போக முடியாத நாட்களில் நானும் நாநாவும் ஓட்டுவோம். தங்கச்சி பெட்டரி போன ஒரு கொன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதாக நினைத்துக்கொள்வாள். நாநா சொல்வது தங்கச்சியைத் தள்ளி வைப்பதற்கான சாட்டு என்றுதான் எனக்கு நெடுநாள் ஒரு சந்தேகம். உயர்தரத்தில் கணிதப் பிரிவை எடுத்த பிறகு, சந்தேகம் வந்தால் அளந்து பார்க்கலாமே என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது.

அளப்பது ஒன்றும் பெரிய காரியமல்ல. செக்கனுக்கு 240 படம் பிடிக்கக்கூடிய ஸ்லோ மோஷன் வசதி மாமாவின் போனில் இருந்தது. அதை டிவிக்கு முன்னால் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி, முதலில் இரண்டு பேர் ஓட்டுவதையும் பிறகு மூன்று பேர் ஓட்டுவதையும் பதிவு செய்தேன். பதிவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். இரண்டு பேர் ஓட்டும்போது திரையில் ஒரு காட்சி போனின் 4 படங்களுக்கு மாறாமல் நின்றது. மூன்று பேர் ஓட்டும்போது 8 படங்களுக்கு நின்றது. 240ஐ 4ஆல் வகுத்தால் 60. 8ஆல் வகுத்தால் 30. நாநா சொன்னது உண்மை. மூன்றாவது கொன்ட்ரோலர் சேர்ந்தவுடன் செக்கனுக்கு 60 பிரேம் என்பது எல்லோருக்கும் 30 ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. இரண்டு பேருக்கு 60 என்றால் மூன்று பேருக்கு 40 வர வேண்டும் அல்லவா? ஏன் ஒரேயடியாகப் பாதி?

காரணம் தொலைக்காட்சியில் இருக்கிறது. டிவி ஒரு செக்கனில் 60 தடவை தன் திரையைப் புதுப்பிக்கிறது. அதாவது ஏறக்குறைய 16.7 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை. கொன்சோல் அந்த நேரத்துக்குள் அடுத்த காட்சியை வரைந்து முடித்திருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் இரண்டு கோணத்திலிருந்து வரைய வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்று கோணம். மூன்றையும் வரைய 20 மில்லி செக்கன் எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.3 மில்லி செக்கன்தானே பிந்தியது என்று டிவி காத்திருக்காது. பழைய காட்சியையே இன்னொரு முறை காட்டிவிடும். புதிய காட்சி அடுத்த தவணைக்கு, 33.3 மில்லி செக்கனில்தான் வெளியே வரும். மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் ரயிலை அரை நிமிடத்தில் தவறவிட்டவருக்கு அரை நிமிடம் பிந்திய ரயில் கிடைப்பதில்லை; அடுத்த ரயில்தான். வேலை சற்றே கூடினாலும் வேகம் பாதியாக விழுவது இதனால்தான். டிவியின் தவணையைப் பொருட்படுத்தாமல் வரைந்ததை வரைந்தபடி அனுப்பவும் முடியும். அப்படிச் செய்தால் மேல்பகுதியில் பழைய காட்சியும் கீழ்பகுதியில் புதிய காட்சியுமாகப் படம் கிழிந்து தெரியும்.

சினிமா செக்கனுக்கு 24 பிரேமில்தானே ஓடுகிறது, 30க்கு என்ன குறை என்று பெற்றோர் கேட்கக்கூடும். சினிமா பார்ப்பவரின் கை சும்மா இருக்கிறது. விளையாடுபவரின் கை, தான் அமத்தியதற்குத் திரை என்ன பதில் சொல்கிறது என்று காத்துக்கொண்டிருக்கிறது. நான் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன். நேர் பாதையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வளைவில் சறுக்கித் திரும்பும்போது தெரிகிறது. கை முந்துகிறது, வண்டி பிந்துகிறது.

முடிவை நாநாவிடம் காட்டியபோது, "நான் செல்லல்லயா?" என்று மீசையை முறுக்கினார். இன்னும் சரியாக முளைக்காத மீசை அது. தங்கச்சி என் கொப்பியை எடுத்து இலக்கங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நாநா, எனக்கு 30 காணும்" என்றாள்.

நாநாவிடம் பதில் இல்லை. அன்றைக்கு மூன்று பேரும் ஓட்டினோம்.

60ஆ 30ஆ என்று நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் பார்த்த காலமெல்லாம் அவளுக்குக் கிடைத்தது 0. நாநாவின் சட்டத்தில் அந்த இலக்கம் எழுதப்படவே இல்லை. எங்கள் இருவரின் 60ஐக் காப்பாற்ற அவள் முழுவதையும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த 0 எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்கள் மூவருக்கும் இருந்தது ஒரே ஒரு போன். நாநாவுக்குச் சாதாரண தரப் பரீட்சை ஆண்டு. எனக்குத் தரம் 7. தங்கச்சிக்குத் தரம் 2. பரீட்சை இருக்கிற பிள்ளைக்கு முதலில் என்று உம்மா தீர்ப்புச் சொன்னார். மிஞ்சிய நேரமும் மிஞ்சிய டேட்டாவும் எனக்கு. அந்தத் தீர்ப்பில் யாராலும் பிழை காண முடியாது. ஆனால் பாடசாலைகள் ஒழுங்காகத் திறந்த பிறகும் தங்கச்சி வெகு காலம் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். நாநாவின் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடமும் என்னுடையதில் பத்து நிமிடமும் அவளுக்குப் போயிருந்தால் எங்களுக்கு எவ்வளவு குறைந்திருக்கும், அவளுக்கு எவ்வளவு கூடியிருக்கும் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

நிற்க. இதே கேள்வி வீ யூவைச் செய்த நின்டென்டோ நிறுவனத்துக்கும் வந்தது என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். வீ யூவின் விசேஷமே கேம்பேட்தான். அது 6.2 அங்குலத் திரை பொருத்திய கொன்ட்ரோலர். பார்ப்பதற்கு டெப் போல இருந்தாலும் விளையாட்டு அதனுள்ளே ஓடுவதில்லை. கொன்சோல்தான் டிவிக்கு ஒரு காட்சியும் கேம்பேடுக்கு 854க்கு 480 புள்ளி கொண்ட இன்னொரு காட்சியும் வரைந்து, இரண்டாவதைச் சுருக்கிக் கம்பியில்லாமல் அனுப்புகிறது. 2012 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஈ3 கண்காட்சியில், ஒரே கொன்சோலில் இரண்டு கேம்பேட் பாவிக்கலாம் என்று நின்டென்டோ அறிவித்தது. விலை என்னவென்றும் தெரிந்தது. இரண்டாவது கேம்பேட் சேர்ந்தால் 60 பிரேம் 30 ஆகும். அந்த ஆண்டு நவம்பரில் கொன்சோல் விற்பனைக்கு வந்தது. 2017 தொடக்கத்தில் உற்பத்தியும் நின்றது. உலகம் முழுவதும் விற்றது 1 கோடியே 35 இலட்சத்துக்குச் சற்று மேல். இரண்டு கேம்பேடில் விளையாடும் ஒரு விளையாட்டுக்கூடக் கடைக்கு வரவில்லை.

ஆனால் ஒரே கேம்பேடை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கொன்சோலுடன் ஒன்றாக வெளிவந்த நின்டென்டோ லேண்டில், ஐந்து பேர் சேரக்கூடிய ஓடிப்பிடித்தல் இருக்கிறது. கேம்பேட் வைத்திருப்பவர் ஓடுகிறார். மற்ற நால்வரும் டிவியைப் பார்த்துத் துரத்துகிறார்கள். ஓடுபவருக்கு முழு வரைபடமும் தெரியும். துரத்துபவர்களுக்கு அவர் எங்கே என்று தெரியாது. ஆகவே ஒருவருக்கொருவர் கத்திச் சொல்ல வேண்டும். இன்னொன்றில் கேம்பேட் வைத்திருப்பவர் பேய். பேய் டிவியில் தெரியாது. கிட்ட வந்தால் மற்றவர்களின் கையிலுள்ள கொன்ட்ரோலர் அதிரும். தனித் திரை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும் என்ற குறையே அங்கே விளையாட்டாகிவிட்டது. பெருநாளைக்குச் சாச்சாவின் பிள்ளைகள் வந்தால் எங்கள் வீட்டில் கூரை பறப்பது இதில்தான்.

எல்லோரும் அப்படி யோசிப்பதில்லை. 2015இல் வந்த ஹேலோ 5, செக்கனுக்கு 60 பிரேம் என்று பெருமையாக வந்தது. ஆனால் அந்த வரிசை விளையாட்டுகளில் முதலாவதிலிருந்தே இருந்த, ஒரே திரையைப் பிரித்து நண்பர்கள் சேர்ந்து விளையாடும் வசதியை எடுத்துவிட்டது. விளையாடியவர்கள் கோபப்பட்டார்கள். இனி வரும் ஹேலோவில் அந்த வசதி திரும்ப வரும் என்று 2017இல் தயாரித்தவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. சேர்ந்திருந்து விளையாடுவதை மெதுமையான படத்துக்காக விட்டுக்கொடுக்க மனிதர்கள் அவ்வளவு இலேசில் சம்மதிப்பதில்லை.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இல் எங்கே வெட்டினால் குறைவாக வலிக்கும் என்று பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதில் தூரத்திலுள்ள நண்பர்களுடன் பேசிக்கொண்டே அவர்கள் விளையாடுவதையும் உங்கள் திரையின் ஓரத்தில் பார்க்கலாம். நண்பரின் படம் தத்தித் தத்தித்தான் வரும். உங்கள் கை எதை நம்பியிருக்கிறதோ அந்தப் படம் சீராக ஓடும்.

மரியோ கார்ட் 8ஐச் செய்தவர்கள் மூன்று பேர், நான்கு பேர் வந்தாலும் கதவைச் சாத்தாமல் 30இல் உள்ளே விட்டார்கள். அது சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம். ஆனால் நான் செய்திருந்தால் வேறு இடத்தில் வெட்டியிருப்பேன். பாதையோரத்து மரங்கள், கைதட்டும் கூட்டம், தண்ணீரில் தெரியும் நிழல் எல்லாவற்றையும் வரைவதற்கும் அந்த 16.7 மில்லி செக்கனில்தான் பங்கு போகிறது. மூன்றாம் ஆள் வரும்போது அவற்றில் பாதியை எடுத்துவிட்டு, புள்ளிகளையும் கொஞ்சம் குறைத்து, பிரேமைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். நாநாவும் இதற்குச் சம்மதம்.

தங்கச்சிக்குத்தான் கொஞ்சமும் சம்மதமில்லை. அந்த மரங்களையும் கூட்டத்தையும் பார்ப்பதற்காகத்தான் அவள் ஓட்டுகிறாளாம். ஒவ்வொரு முறையும் கடைசியாக வருவதும் அதனால்தானாம்.