மூழ்கிய ஏரி, முளைத்த கட்சி

ஆஸ்திரேலியாவின் தெற்கே, கடலுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் தீவு டாஸ்மேனியா. அதன் தலைநகர் ஹோபார்ட்டில் இருந்து காரில் கிளம்பினால், நியூ நார்ஃபோக், மேடெனா ஊர்களைத் தாண்டி, காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது சாலை. இரண்டரை மணி நேரத்தில் மலைகளுக்கு நடுவே கண்ணாடி போலப் பரந்து விரிகிறது ஒரு நீர்ப்பரப்பு. பெயர், பெடர் ஏரி. பார்ப்பவர்கள் 'ஆஹா' என்று செல்ஃபி எடுப்பார்கள். ஆனால், நிஜமான பெடர் ஏரி இது இல்லை. அது இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது!

பனியாறுகள் உருவாக்கிய அந்தப் பழைய ஏரி அளவில் சிறியது. அதன் அழகே கரைதான். இளஞ்சிவப்பு மணல், கோடையில் மைதானம் போல விரிந்து கிடக்கும். சின்ன விமானங்கள் நேராக மணலிலேயே இறங்கும். 1955-ல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அடுத்த 12 ஆண்டுகளில், நீர்மின் திட்டத்துக்காக அந்த அறிவிப்பையே ரத்து செய்துவிட்டார்கள்.

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுமே அணையை ஆதரித்தன. அப்படியென்றால், ஏரி வேண்டும் என்பவர்கள் யாருக்கு ஓட்டு போடுவது?

அந்தக் கேள்விக்கு 1972 மார்ச் 23 அன்று, ஹோபார்ட் டவுன் ஹாலில் நடந்த பொதுக்கூட்டத்தில் பதில் கிடைத்தது. 'நாமே நிற்போம்' என்று முடிவானது. தாவரவியலாளர் ரிச்சர்ட் ஜோன்ஸ் தலைமையில் பிறந்தது 'யுனைடெட் டாஸ்மேனியா குரூப்'. உலகின் முதல் பசுமைக் கட்சி என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

தேர்தல் ஏப்ரல் 22. கையில் இருந்தது 30 நாள்கள்தான். காசு கிடையாது, இருந்ததெல்லாம் ஏரியின் புகைப்படங்களும், நேரம் ஒதுக்கத் தயாராக இருந்த தன்னார்வலர்களும்தான். முடிவு வந்தபோது, மாநிலம் முழுக்க 3.9 சதவிகித வாக்குகள். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அணை வேலை நிற்கவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அந்தக் கட்சியில் பிரெண்டா ஹீன் என்ற பெண்மணி இருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். தலைநகர் கான்பெராவின் வானத்தில் 'பெடர் ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்று புகையால் எழுதப் போவதாகக் கிளம்பினார். மிரட்டல் போன் வந்தும் பின்வாங்கவில்லை. 1972 செப்டம்பர் 8 அன்று, விமானி மேக்ஸ் பிரைஸுடன் பழைய டைகர் மாத் விமானத்தில் புறப்பட்டார். அந்த விமானம் போய்ச் சேரவே இல்லை. இருவருக்கும் என்ன ஆனது என்பது இன்றுவரை புதிர்தான்.

ஏரி போனது. ஆனால், வீடு வீடாகப் போய்ப் பேசக் கற்றுக்கொண்டவர்கள் ஓய்ந்துவிடவில்லை. அடுத்து ஃபிராங்ளின் நதிக்கு அணை என்றபோது, 1981-ல் அரசு ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. எந்த இடத்தில் அணை கட்டலாம் என்று மட்டுமே அதில் கேட்டிருந்தார்கள். அணையே வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், 'அணை வேண்டாம்' என்று வாக்குச்சீட்டிலேயே கையால் எழுதிப் போட்டார்கள்!

1982 டிசம்பரில் நதியை மறித்துப் போராட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் பாப் பிரவுன், சிறையிலிருந்து வெளிவந்த கையோடு மாநில சட்டமன்றத்துக்குள் போனார். 1983 ஜூலை 1 அன்று, உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அணைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஃபிராங்ளின் இன்றும் தன் போக்கில் ஓடுகிறது. 1989-ல் ஐந்து பசுமை உறுப்பினர்கள் அதே சட்டமன்றத்தில் அமர்ந்தார்கள்.

பெடருக்குப் போகிறவர்கள் கரையில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்க்கலாம். பழைய மணல்கரை, மெல்லிய வண்டலுக்குக் கீழே பெரிதாகச் சிதையாமல் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தண்ணீரை வடித்து ஏரியை மீட்க வேண்டும் என்று இன்றும் ஒரு குழு ஊர் ஊராகப் பேசி வருகிறது.

3.9 சதவிகிதத்தில் தொடங்கியவர்களுக்குப் பொறுமை புதிதல்ல!