காய்ந்த விறகின் விலை

யாழ்ப்பாணத்திலே விறகு விற்கும் இடத்துக்குக் ‘காலை’ என்று பெயர். மாடு கட்டும் இடத்தையும் அவ்வாறே அழைப்பதுண்டு. என் பெரியப்பா சுன்னாகத்துக்கு அண்மையில், காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றிலே சிறிய விறகுகாலையொன்றை நடத்தி வந்தார். இன்று நான் கல்லூரியிலே மாணவர்க்கு வணிகக் கல்வி கற்பிப்பவன். போட்டி, தரம், நன்மதிப்பு என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் மனக்கண்ணிலே தோன்றுவது அந்தக் காலையின் பெரிய தராசுதான்.

விறகு நிறுத்து விற்கப்படும் பொருள். முன்னாளிலே 112 இறாத்தல் ஓர் அந்தர். இந்நாளிலே 50 கிலோவை அந்தர் என்கிறோம். இந்த வியாபாரத்தின் சங்கடம் யாதெனில், மரத்திலுள்ள நீரும் மரத்தோடு சேர்ந்து தராசில் ஏறுகிறது என்பதே. நிறையிலே நூற்றுக்கு நாற்பது பங்கு நீர் உள்ள பச்சை விறகு ஓர் அந்தரை எடுத்துக்கொள்வோம். அதிலே நீர் 20 கிலோ, மரம் 30 கிலோ. நீர் ஐந்திலொரு பங்காகும்வரை அதைக் காயவிட்டால், பின்னர் தராசில் நிற்பது 37½ கிலோ மாத்திரமே. காயவைத்தவனுக்குக் கால்வாசி நிறை காற்றோடு போய்விடுகிறது. போட்ட முதலையேனும் மீட்பதாயின் அவன் கிலோவுக்கு மூன்றிலொரு பங்கு கூடுதலாக விலை வைத்தாக வேண்டும். மாதக்கணக்காக முடங்கிக் கிடக்கும் பணத்தின் வட்டி வேறு. பச்சையாகவே ஏற்றி இறக்கி விற்பவனுக்கோ இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. மாலையிலே அட்டியின்மேல் நாலு வாளி நீரை ஊற்றிவைத்தால் இன்னும் இலாபம்!

வாங்கிச் செல்லும் குடும்பப் பெண்ணின் நிலை என்ன? சாதாரண வெப்பத்திலுள்ள நீரைக் கொதிக்கச் செய்வதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல ஏழு மடங்குக்கும் மேலான வெப்பம் அந்நீர் முழுவதையும் ஆவியாக்கிப் போக்குவதற்கு வேண்டும். பச்சை விறகு தன்னுடைய நீரை ஆவியாக்கிய பின்னரே உலையைக் கவனிக்கிறது. அதுவரை அடுப்பிலே சீறலும் நுரையும் புகையுமே மிச்சம். வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஊதுகுழலும் கையுமாகக் கண்கசக்கியிருந்த நம் தாய்மாருக்கு அந்தக் கணக்கைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரியப்பாவின் பழைய காலை 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு அழிந்து போயிற்று. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகள் பொருளாதாரத் தடையின் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தீப்பட்ட விலை. எரியக்கூடியது எதுவாயினும் விற்கும். ஊமலும் பன்னாடையும்கூடக் காசாகிய காலத்திலே தரத்தைப் பற்றி யார் பேசுவார்? தரப் போட்டி என்பதை நான் கண்டது, 2002 இல் ஏ9 வீதி திறந்து வன்னி விறகு லொறிகளில் வரத் தொடங்கிய பிறகுதான். பெரியம்மாவின் சங்கிலியையும் இரண்டு காப்புகளையும் ஈடு வைத்துப் பெரியப்பா காலையை மீண்டும் தொடங்கினார். அப்பொழுது பல்கலைக்கழக மாணவனாயிருந்த நான் மாலை வேளைகளில் அவருக்குக் கணக்கு எழுதினேன்.

அவர் வாங்கியது பெரும்பாலும் பாலையும் வீரையும். மாசியில் இறக்கிய கட்டைகளைக் கொத்துவித்து, நிலத்திலே பனங்குற்றிகளைப் போட்டு, அவற்றின்மேல் இடைவெளி விட்டு அடுக்குவார். சோளகக் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேற வேண்டும் என்பது அவருடைய சாத்திரம். ஆவணி பிறந்ததும் மேலே கிடுகு வேய்ந்துவிடுவார். அடுக்கிய மாதத்தை ஒரு பலகைத் துண்டில் எழுதி ஒவ்வோர் அட்டியிலும் தொங்கவிடுவார்.

முதலாவது ஆண்டிலேயே நாலு வேலி தள்ளி வேறொரு காலை தோன்றிற்று. அங்கே அந்தர் ஒன்றின் விலை கணிசமாகக் குறைவு. எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்கள்.

“என்ன அண்ணை, அங்கை குறைச்சுத் தாறாங்கள். நீங்கள் மட்டும் ஏன் இந்த விலை சொல்லுறியள்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அவன் தண்ணியும் சேர்த்துத் தாறான் பிள்ளை. நான் விறகு மட்டும்தான் தாறன்,” என்றார் பெரியப்பா.

சொல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அங்கேதான் போய் வாங்கினாள். நல்ல சொல்லினால் வியாபாரம் நடப்பதில்லை என்பதை நான் பாடப்புத்தகத்துக்கு முன்னரே அறிந்துகொண்டேன். ஈட்டுக்கடையின் வட்டி மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. வெறுங்கையோடு கோயிலுக்குப் போய்வந்தார்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜோர்ஜ் அகெர்லொவ் 1970 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்று இந்நிலையைத்தான் ஆராய்கிறது. அவர் எடுத்துக்கொண்டது பாவித்த மோட்டார்க் கார்ச் சந்தை. பண்டத்தின் குணம் விற்பவனுக்குத் தெரிந்து வாங்குபவனுக்குத் தெரியாதபோது, வாங்குபவன் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல பண்டத்தை விற்கக் கட்டாதவன் சந்தையை விட்டு விலகுவான். ஈற்றில் தாழ்ந்த பண்டமே மிஞ்சும். 2001 இல் அவருக்கு நோபல் பரிசு பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. கடையரிசியிலே வேண்டுமென்று கலந்த கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பப் பெண்ணும் அக்கட்டுரையில் வருகிறாள். விறகு வாங்குபவளும் வந்திருக்கலாம்.

ஆயினும் அந்தக் கட்டுரையைப் படியாத பெரியப்பா விலகவில்லை. அவர் செய்தது மிகவும் எளிய காரியம். இரண்டு பலகைகள் எழுதினார். ஒன்றிலே ‘பச்சை’, மற்றதிலே ‘காய்ந்தது’. பச்சை விறகை மற்றக் காலையின் விலைக்கே கொடுத்தார். “இது பச்சை. கொண்டுபோய் முற்றத்திலை மூண்டு மாதம் அடுக்கி வைச்சு எரியுங்கோ” என்று சொல்லியே கொடுத்தார். வளவும் பொறுமையும் உள்ளவர்கள் பங்குனியிலே மலிவாக வாங்கித் தாமே காயவைத்தார்கள். வசதியற்றவர்கள் காய்ந்ததை வாங்கினார்கள். பச்சை என்று தானே சொல்லி விற்பவன் காய்ந்தது என்று சொல்லும்போது பொய் சொல்லமாட்டான் என்ற எண்ணம் ஊரில் மெல்லப் பரவிற்று. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டி, ‘ணங்’ என்று கேட்கிறதா, மந்தமாகக் கேட்கிறதா என்று பார்க்கவும், வெட்டுமுகத்திலே வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று நோக்கவும் வருவோர்க்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். தன் பண்டத்தை மாத்திரமன்றி அயற்காலையின் பண்டத்தையும் சோதிக்கும் வித்தையை இலவசமாகக் கொடுத்துவிட்டார்!

ஐப்பசி மழை பிறந்ததும் மிகுதி வேலையை வானம் பார்த்துக்கொண்டது. முதலில் வந்தவர்கள் பாண் போறணைக்காரர். போறணை சூடேறாவிட்டால் அவர்களுக்கு அன்றைய மா முழுவதும் நட்டம். ஆகவே விறகின் குணத்தை அவர்கள் அறிவார்கள். கார்த்திகையிலே ஒரு காப்பு வீட்டுக்கு வந்தது. மற்றதும் சங்கிலியும் வர அடுத்த ஆடியாயிற்று.

2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மறுபடியும் மூடப்பட்டபோது காலையிலே ஐந்து அட்டிகள் நின்றன. பெரியப்பா விலையை ஏற்றினார். ஏற்றவில்லை என்று எழுதினால் அது புனைந்துரையாகும். அவர் வியாபாரி, வள்ளல் அல்லர். ஆனால் வீட்டுக்குப் பத்துக் கிலோ என்று அளந்து கொடுத்தார். அட்டி முழுவதையும் இரட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். எனக்கு ஆசையாயிருந்தது. பெரியப்பா மறுத்துவிட்டார். “அவன் தண்ணி தெளிச்சு வித்தால், சனம் என்ரை விறகு எண்டுதான் சொல்லும் தம்பி.”

நிறுத்து விற்பதை விட்டு வேறு வழியால் அளந்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டதுண்டு. அமெரிக்காவிலே 128 கன அடி கொண்ட ‘கோட்’ என்னும் அளவும், பிரான்சிலே ஒரு கன மீற்றர் கொண்ட ‘ஸ்டேர்’ என்னும் அளவும் உண்டு. நீர் வற்றினாலும் அட்டியின் பருமன் அதிகம் குறைவதில்லை. பெரியப்பா சிரித்தார். கோணற் கட்டைகளைக் கொண்டு வெற்றிடம் நிரம்பிய அட்டி கட்டுவது அவருக்கா தெரியாது? இங்கிலாந்திலோ அரசாங்கமே தலையிட்டது. 2021 மே மாதம் முதல் அங்கே சிறு தொகையாக விற்கும் விறகிலே நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஈரம் இருத்தலாகாது.

பெரியப்பா காலமான பின் அவருடைய மூத்த மகள் காலையைப் பொறுப்பேற்றார். எரிவாயு வந்து வியாபாரம் சுருங்கியிருந்த வேளையிலே 2022 நெருக்கடி வந்தது. முந்திய ஆண்டு 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர் அவ்வாண்டு ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று; அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அடுப்பு மூட்டியறியாத இளம் பெண்கள் ஸ்கூட்டியிலே வந்து வரிசையில் நின்றார்கள். அக்கா பழைய பலகைகளைத் தூசி தட்டி மாட்டி, தட்டிப் பார்க்கும் வித்தையையும் காட்டிக் கொடுத்தார். எரிவாயு திரும்பியதும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். நெல் அவிப்போரும் போறணைக்காரரும் கலியாணச் சமையற்காரருமே இப்பொழுது வாடிக்கை.

இன்று காலையிலே மூன்று அட்டிகள் நிற்கின்றன. மாசியில் அடுக்கிய அட்டியைக் கேட்டுச் சென்ற வாரம் ஒரு சமையற்காரர் முற்பணத்தோடு வந்தார். ஆவணிக்கு முன் தருவதாயின் பச்சை விலைக்கே தருவேன், பச்சை என்றே சொல்லித் தருவேன் என்றார் அக்கா. கலியாண வீட்டுக்காரர் காய்ந்த விறகென்று பில் கேட்பார்களே என்று அவர் தயங்கினார். அப்படியொரு பில் எழுத அக்கா இசையவில்லை. அவர் வேறு காலைக்குப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை.