பெடலுக்கும் பசைக்கும் நடுவே

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எல்.இ.டி. விளக்குக்கான போர்டு செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். என்னை உட்காரவைத்தது க்ளூ டேபிளில். போர்டில் நிமிர்ந்து நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் லாரியின் குலுக்கலில் கால் ஒடியாமலிருக்க, அடியில் வெள்ளை சிலிகான் வைக்க வேண்டும். முன்பெல்லாம் டியூபைக் கையால் பிதுக்கினார்களாம். இப்போது அந்த வேலையைக் காற்று செய்கிறது.

கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை ரெகுலேட்டர் அடக்கித் தரும். பெடலை மிதித்தால், செட் செய்த நேரம் மட்டும் அந்தக் காற்று, பசை நிரப்பி நுனியில் ஊசி மாட்டிய 30 சி.சி. பேரலுக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். நேரத்தை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குவரை நுணுக்கமாக வைக்கலாம். கால் இருந்தால் போதும், யாரும் செய்யலாம் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

"மிஷின் பசையை அளக்குதுன்னு நெனைக்காதம்மா. அது நேரத்தை மட்டுந்தான் அளக்கும்" என்றார் எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா.

பேரல் நிறைய இருக்கும்போது பிஸ்டனுக்கு மேலே காலியிடம் குறைவு. மிதித்த உடனே அழுத்தம் ஏறிவிடும். பசை தீரத் தீர அந்த இடம் பெருகும். அதை நிரப்பி அழுத்தம் ஏறுவதற்குள் நேரத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். டிஸ்ப்ளேயில் எண் மாறியிருக்காது, விழும் பசைப் பொட்டு மட்டும் சிறுத்திருக்கும். அக்கா அவ்வப்போது ஒரு பொட்டைத் தராசில் வைத்துப் பார்த்து, நேரத்தைக் கொஞ்சம் கூட்டுவார். பசை வரவில்லையென்றால் உடனே அழுத்தத்தை ஏற்றக்கூடாது, பெரிய ஓட்டையுள்ள ஊசிக்கு மாற வேண்டும் என்பது அவர் கட்சி. அழுத்தம் கூடினால் அளவு கைக்கு அடங்காது. (இதை எங்கள் சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ள மாட்டார், அவருக்கு எண்ணிக்கை முக்கியம்.) ஊசியில் எண் கூடக்கூட ஓட்டை சிறியது: 18 பெரியது, 25 மெல்லியது.

மிதியை விட்ட பிறகும் நுனியில் பசை கசிந்தால், உள்ளே குமிழி இருக்கிறது. அமுங்கிய குமிழி விரியும்போது பசையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் உடனே மிஷினிலுள்ள வாக்குவம் திருகைத் தேடுவார்கள். அது சால்டரிங் ஃப்ளக்ஸ் மாதிரி நீர்த்த திரவம் சொட்டாமலிருக்க இருப்பது. கெட்டிப் பசைக்கு அதைக் கூட்டினால் நுனி வழியாகக் காற்றை உள்ளே இழுத்து இன்னொரு குமிழியைத்தான் உண்டாக்கும். பேரலை அடியிலிருந்து மெதுவாக நிரப்புவதுதான் வழி.

கைக்கும் வேலை உண்டு. பொட்டு விழுந்ததும் ஒரு கணம் பொறுத்து, ஊசியை நேராக மேலே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பொட்டின் தலையில் குடுமி முளைக்கும். அது சாய்ந்து பக்கத்து பார்ட்டில் விழும்.

இந்தச் சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தில் இறுகுவது. சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமா? சாப்பாட்டுக்கு எழும்போது நுனிக்கு மூடி போடாவிட்டால் அந்த ஊசியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்த ஷெட்டில் இப்போது ஊசியைத் தானே நகர்த்தும் ரோபோ வந்திருக்கிறது. பசையைத் தள்ளுவது அங்கேயும் இதே காற்றுதான். பேரல் பாதியானதும் அக்காவைத்தான் கூப்பிடுகிறார்கள்.