பாலையின் படங்கள்: கண்டனவும் காணாதனவும்

ஒரு நிலத்தைக் காணாதவர்க்கு அதனை அறிமுகஞ் செய்யவல்லது சொல்லா, படமா என்ற வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு படமே எனத் தயக்கமின்றி விடையளித்தது. புகைப்படக் கருவி தோன்றிவிட்டபோதும், புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து நூலின் பக்கத்தில் அச்சிடும் முறை அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை பரவவில்லை. ஆகவே தொலைநிலங்களை ஆராயச் சென்ற குழுக்கள் துப்பாக்கியையும் உணவையும் கொண்டு சென்றவாறே ஓவியனையும் உடனழைத்துச் சென்றன. அவன் வரைந்தவை கலைப்பொருள்களாக மட்டும் நிற்கவில்லை. அரசாங்க அறிக்கைகளில் இடம்பெற்ற சான்றுகளாகவும் அமைந்தன. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலே கொலராடோ ஆறு அறுத்துச் செல்லும் வறண்ட மேட்டுநிலத்தைக் காட்டும் படங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அம்மேட்டுநிலத்தின் நடுவே அமைந்த கிராண்ட் கன்யன் என்னும் ஆற்றுக்குடைவு 446 கிலோமீற்றர் நீளமானது. அகலம் சிலவிடங்களில் 29 கிலோமீற்றர், ஆழம் 1.6 கிலோமீற்றருக்கும் அதிகம். அடியிலுள்ள பாறைகள் ஏறத்தாழ 175 கோடி ஆண்டுப் பழைமை வாய்ந்தவை. ஐரோப்பிய மரபிற் பயின்ற ஓவியனுக்கு இந்நிலம் பெருஞ் சிக்கலாக அமைந்தது. மலையைக் கீழிருந்து நிமிர்ந்து நோக்கப் பழகியவன் அவன். இங்கோ சமதரையின் விளிம்பில் நின்று, தன் காலுக்குக் கீழே மலைகள் எழுவதைக் காணவேண்டியவனானான். அவன் கற்ற விதிகள் உதவாதவிடத்து அவனுடைய மனநிலையே படத்தை வகுத்தது.

1857ஆம் ஆண்டின் முடிவில் ஜோசப் ஐவ்ஸ் என்னும் இராணுவ அதிகாரியின் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு சிறு நீராவிக் கப்பலொன்றிற் கொலராடோ ஆற்றின் வழியே மேனோக்கிப் புறப்பட்டது. கப்பல் பாறையில் மோதியபின் எஞ்சிய பயணம் தரைவழியாயிற்று. 1858 சித்திரையில் அவர்கள் குடைவின் அடித்தளத்தை அடைந்தனர். குழுவிலிருந்த எக்லொவ்ஸ்டைன் என்னும் ஜேர்மானியர் வரைந்த காட்சிகள் 1861இல் வெளியான அறிக்கையில் இடம்பெற்றன. அவற்றிற் பாறைகள் ஐரோப்பியத் தேவாலயக் கோபுரங்கள்போல் ஊசிமுனையாய் உயர்கின்றன. குடைவு ஒடுங்கி இருள்கின்றது. இவ்விடம் பயனற்றது, தமக்குப்பின் வெள்ளையர் எவரும் இங்கு வரார் என்பது ஐவ்ஸின் முடிவு. சொல்லும் படமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஆயின் இதனை ஓவியரின் திறக்குறைவு எனக் கொள்ளவியலாது. அதே அறிக்கைக்கு அவர் ஆக்கிய நிலப்படங்கள் மேடுபள்ளங்களை ஒளிநிழலாற் புலப்படுத்திய முன்னோடி முயற்சிகளாகும். அளக்கத் தெரிந்த கையே காட்சியை வரையும்போது அச்சத்துக்கு இடங்கொடுத்தது.

அச்சம் வியப்பாக மாறுவதற்கு நீண்டகாலம் செல்லவில்லை. உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த ஜோன் வெஸ்லி பவல் 1869இல் நான்கு படகுகளோடு அவ்வாற்றின் வழியே சென்று மீண்டார். அவருடைய அழைப்பில் 1873இல் அங்கு சென்ற தோமஸ் மொறன் தீட்டிய பெருந் தைல ஓவியத்தை அடுத்த ஆண்டிற் காங்கிரஸ் 10,000 டொலர் கொடுத்து வாங்கியது. பவலின் எழுத்துக்களுக்கு மரச்செதுக்குப் படங்களை வரைந்தவரும் அவரே. மொறன் படகிற் சென்றவரல்லர். ஆற்றுக்காட்சிகள் பலவற்றைப் புகைப்படங்களைத் துணைக்கொண்டே ஆக்கினார். அவற்றைக் கட்டையிற் செதுக்கிய தொழிலாளியோ பெரும்பாலும் அந்நிலத்தை எட்டியும் பாராதவன். வெண்மையாகத் தோன்றவேண்டிய இடங்களையெல்லாம் அவனுடைய உளி அகற்ற, எஞ்சிய மேடே மையை ஏற்றது. இவ்வாறு வாசகனின் கைக்கு வந்த படம் மூவர் கண்களின் வழியே வந்ததாகும். இயற்கையை உள்ளவாறே படியெடுப்பதைத் தாம் பெரிதாக மதிப்பதில்லை என்பது மொறனின் கொள்கை. உணர்வுக்காக அவர் பாறைகளை இடம்பெயர்த்தார். மேகத்தையும் மழையையும் வரவழைத்தார்.

இவ்விருவரினின்றும் வேறுபட்டவர் வில்லியம் ஹென்றி ஹோம்ஸ். கிளாறன்ஸ் டட்டன் என்னும் புவிச்சரிதவியலாளரின் ஆய்வு நூலுடன் 1882இல் வெளியான படத்தொகுதியில் ஹோம்ஸின் அகலக் காட்சி மூன்று தாள்களிற் கிழக்கு, தெற்கு, மேற்கு என விரிகின்றது. அங்கே கோதிக் கோபுரமில்லை, மழைமேகமுமில்லை. ஒவ்வொரு படையும் தன் தடிப்போடும் சரிவோடும் தெளிவாக நிற்கின்றது. படத்தைக்கொண்டே பாறைகளின் வரலாற்றை வாசிக்கலாம். அறிவும் அழகும் ஒரே கோட்டில் இணைந்த அரிய சாதனை இதுவெனலாம். இக்காலத்திலேயே டட்டன் அங்குள்ள பெரும் பாறைமுடிகளுக்கு விஷ்ணு கோவில், சிவன் கோவில் எனப் பெயரிட்டார். கீழைத்தேயக் கோபுரங்களை அவை அவருக்கு நினைவூட்டின. இந்துவொருவர் இதனை வாசிக்கையிற் பெருமிதங் கொள்ளக்கூடும். ஆயினும் அப்பெயர் வந்த வழி சற்று நின்று சிந்திக்கத் தக்கது. பல்லாயிரம் மைல் தொலைவிலுள்ள தெய்வங்களை அழைத்தவர்க்கு அப்பாறைகளின் கீழ் வாழ்ந்தவர்கள் அவற்றை எவ்வாறு அழைத்தனர் என்பது முதன்மையாகப் படவில்லை.

இவ்விடத்தில் இவ்வோவியங்களின் மறுபக்கம் தெரியவருகின்றது. எக்லொவ்ஸ்டைன் முதல் ஹோம்ஸ்வரை நோக்குமிடத்து உண்மைத்தன்மை படிப்படியாக வளர்ந்ததென்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வுண்மை பாறையைப் பற்றிய உண்மையாகும். ஐவ்ஸின் அறிக்கையிற் பூர்வகுடியினர் இடம்பெறாமலில்லை; அவர்கள் தனித் தாள்களில், வண்ணத்தில், ஆடையும் அணியும் காட்டி நிறுத்தப்பட்டனர். நிலம் ஒரு தாளிலும் அதன் மக்கள் வேறொரு தாளிலுமாகப் பிரிந்தனர். ஹோம்ஸின் பெருங்காட்சியின் முன்னணியிற் காணும் சிற்றுருவங்களோ வரைபவனும் ஆய்பவனுமே.

அவர்கள் மக்களைக் காணாமலிருந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. கிளைக்குடைவு ஒன்றினுள் எக்லொவ்ஸ்டைன் இறங்கியபோது உக்கிய ஏணி முறிந்தது. கீழே வீழ்ந்த அவர் ஓடைக்கரையில் வாழ்ந்தோரைக் கண்டார்; பின்னர் படைவீரரின் துப்பாக்கி வார்களைப் பிணைத்த கயிற்றினால் மேலே இழுக்கப்பட்டார். அவர் கண்டவர்கள் இன்று ஹவசுப்பாய் எனப்படும் மக்களாவர். கோடையிற் குடைவின் அடியிற் பயிரிட்டும், குளிர்காலத்தில் மேட்டுநிலத்தில் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள். வெறுமை எனப் படத்திற் பதிந்த இடம் அவர்களுடைய வயலும் வேட்டைக்காடுமாகும்.

ஹோம்ஸின் படத்தொகுதி வெளியான அதே 1882ஆம் ஆண்டில் அம்மக்களின் நிலம் அரசாணையால் 518 ஏக்கராகக் குறுக்கப்பட்டது. படமே நிலத்தைப் பறித்தது என்பது மிகையாகும். பறித்தது ஆணையும் அதிகாரமும். ஆயின் ஆளில்லா நிலமென ஒரு நாடு நம்புவதற்கு அதன் கண்ணைப் பழக்கியவற்றுள் இப்படங்களும் அடங்கும். 1919இல் அப்பெருங்குடைவு தேசியப் பூங்காவாயிற்று. 1975இல் ஏறத்தாழ 185,000 ஏக்கர் ஹவசுப்பாய் மக்களிடம் மீண்டது. குடைவினுள் இந்தியன் கார்டன் என வழங்கிய இடம் 2022இல் ஹவசுப்பாய் கார்டன்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கிருந்தும் அம்மக்கள் வெளியேற்றப்பட்டவர்களே.

ஆகவே இப்படங்களை ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. அவற்றின் அழகில் மயங்கி அமைதலும் போதாது. ஹோம்ஸின் கோடுகளைப் போற்றும் ஒருவர் அவ்விளிம்பிலிருந்து கீழே நோக்கி, அந்த ஓடைக்கரையில் அன்று யார் பயிரிட்டுக்கொண்டிருந்தனர் எனவும் வினவுதல் வேண்டும். அவ்வினா படத்தின் மதிப்பைக் குறைப்பதன்று. படத்தில் இடம்பெறாதவர்க்கு அவர்களுக்குரிய இடத்தை அளிப்பதேயாகும்.