யார் மூடச் சொன்னது?

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். "நம்ம ஆளுங்களுக்கு மட்டும் சாராயம் விக்கக்கூடாதுன்னு சட்டம் போடணும்யா" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். நானும் தலையாட்டினேன். மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான். முக்குக் கடையில் விற்கும் மலிவு சம்சுதான் அவரைக் கொண்டுபோனது.

மகனைப் பறிகொடுத்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "கடைய மூடச் சொல்லு, சரி. நம்ம ஆளுக்கு மட்டும்னு எதுக்குச் சொல்ற?"

இரண்டும் ஒன்றுதானே என்று அன்று நினைத்தேன்.

மறுவாரம் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் ஓர் ஆஸ்திரேலிய வழக்கைப் பற்றிப் படித்தேன். குவீன்ஸ்லாந்தின் பாம் தீவில் வாழ்பவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிகள். அங்கே அப்போது பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்க அனுமதிக்கப்பட்டது, போதை குறைந்த பீர் ஒரு பெட்டி மட்டும்தான். 2008இல் ஜோன் மலோனி என்ற பெண்ணின் காரில் ஒரு போர்பன் போத்தலும் ஒரு ரம் போத்தலும் இருந்தன. குற்றவாளி என்று தீர்ப்பானது. 1975ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டத்தைக் காட்டி, நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனார். 2013இல் அவர் தோற்றார். அந்தக் கட்டுப்பாடு அம்மக்களைக் காக்கும் 'சிறப்பு நடவடிக்கை' என்றது நீதிமன்றம். அதற்கு அவர்களைக் கலந்துபேசுவது சட்டப்படி கட்டாயமில்லை என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. குடியால் அடிவாங்கும் பெண்கள் அந்தத் தீவிலும் உண்டு. கட்டுப்பாடு வேண்டும் என்று அவர்களில் சிலர் சொன்னால், நான் யார் மறுக்க?

பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் அவரும் இருந்தாராம். சம்பள உயர்வு, சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பது. இந்தக் கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் ஒன்று. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. உரிமம் கொடுத்தது அரசு. குடிக்க வைத்தவர்களே 'தமிழன் குடிகாரன்' என்றும் சொன்னார்கள். மூடச் சொன்னவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதாகி, இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

"எங்கப்பாவும் குடிப்பாருடா. ஆனா மூடச் சொன்னது அவங்களே. கூலியும் கேட்டாங்க, மரியாதையும் கேட்டாங்க" என்றார் பாட்டி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கள்ளுக்கடையை மூடுவது அவர்களுக்கு ஒரு பட்டியலில் ஒரு வரி. மற்ற வரிகளைக் கிழித்துவிட்டு அதை மட்டும் நமக்குத் தருபவர், நம்மைக் காப்பாற்றவில்லை, அடையாளம் குத்துகிறார். "இந்தியனை எடுத்தால் திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டான்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தக் குத்து எனக்கும் பழகியிருந்தது.

நம் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது, அரசியலமைப்பே அனுமதிக்கும் இடங்களைத் தவிர. ஐநாவின் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை ஏற்கப் போவதில்லை என்று 2018இல் அரசு அறிவித்தது. அதனால் நம் வார்த்தைகளை நாமே கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு, முக்குக் கடையின் உரிமத்தை எதிர்த்து மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'இந்தியர்கள் அதிகம் வாழும் பகுதி என்பதால்' என்று தொடங்கியிருந்தேன். அதை அடித்துவிட்டு, கடை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, பள்ளிக்கூடம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எழுதினேன். கீழே, விளக்கு எரியாத படிக்கட்டு, ஓடாத லிப்ட் பற்றியும் சேர்த்தேன்.

முதல் கையெழுத்து அத்தையுடையது.